தாயும் பாலமும் நலமா?

அன்புள்ள ரவி,

ஐந்து மாதமாகப் பதில் போடாததற்கு நீ என்ன திட்டினாலும் தகும். திட்டி முடித்தாயிற்றா? சரி.

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் வழுக்கி விழுந்தேன். பொறியாளர் ஒருவர் ஒரு பாலத்தை 'கன்சீவ்' செய்தார், அதாவது மனசில் உருவாக்கினார், என்று மூலத்தில் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் 'பாலத்தைக் கருத்தரித்தார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிழை திருத்துபவர் ஓரத்தில் பென்சிலால் 'தாயும் பாலமும் நலமா?' என்று கேட்டுத் திருப்பியிருந்தார். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

வெட்கத்தில் அகராதியைப் புரட்டப்போய் நாலு நாள் அதிலேயே கிடந்தேன். 'கன்சீவ்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'கொன்கிபெரே'. அதற்குள் இருக்கும் 'கபெரே' என்றால் பிடி, எடுத்துக்கொள். முன்னால் ஒட்டிய 'கொன்' அழுத்தம் கொடுக்கிறது. வயிற்றில் வாங்கினாலும் மனசில் வாங்கினாலும் ரோமர்களுக்கு ஒரே வினைச்சொல்தான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலீஷுக்கு வந்தபோதும் இரண்டு பொருளும் கூடவே வந்தன. ரிசீவ், டிசீவ், கான்செப்ட் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். கைதியைக் குறிக்கும் 'கேப்டிவ்' கூட! 'கன்சீட்' முதலில் வெறும் எண்ணம், அப்புறம் தன்னைப் பற்றிய எண்ணம், கடைசியில் தலைக்கனம். அப்போது நம் வகுப்பு மானிட்டர்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

நாம் மட்டும் என்னவாம்? கதைக்கும் கரு, முட்டைக்கும் கரு. மேகம் சூல்கொண்டது என்கிறோமே, அந்தக் 'கொள்'தான் அவர்களுடைய 'கபெரே'. 'கருத்தரி'யில் மட்டும் 'தரி' இருக்கிறது. தாங்கி நிற்பது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எடுப்பது ஒரு கணம், தாங்குவதல்லவா மாசக்கணக்கு.

இதையெல்லாம் மகளிடம் உளறியிருக்கக் கூடாது. ஆறு வருஷமாக அவள் மருத்துவக் கோப்பில் 'ஃபெயில்யூர் டு கன்சீவ்', கருத்தரிக்கத் தவறினாள், என்றுதான் எழுதுகிறார்கள். முழுவதும் கேட்டுவிட்டு, "எடுத்துக்கொள்வது என்றால், ஏதோ நான் கை நீட்டாமல் இருக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது, அப்பா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அகராதியை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேலை விஷயமாக உன் பக்கம் வருகிறாள். இரண்டு நாள் உன் வீட்டில்தான் தங்குவாள். 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள். முக்கியமாக அக்கா.

உன்,
சேகர்