அம்பு எல்லை மீறியது

ஆசிரியருக்கு,

ஆரம்பகால வீட்டுக் கணினி விளையாட்டுகள் பற்றிய கட்டுரை, நிரலாளர் மாத்யூ ஸ்மித்தின் ‘ஜெட் செட் வில்லி’ விளையாட்டை (1984) பிழை மலிந்தது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. அநியாயம்.

முந்தைய ஆண்டு அவர் எழுதிய ‘மேனிக் மைனர்’ விளையாட்டில் 20 குகைகள். குகைக்கு 1024 பைட். இதிலோ 60 அறைகள். அறைக்கு 256 பைட்தான். அறையின் 512 கட்டங்களையும் கட்டத்துக்கு 2 பிட் வீதம் 128 பைட்டில் அடக்கினார். இது ஓடிய 48கே ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியின் 48 கிலோபைட் நினைவகத்தில் திரை மட்டுமே 6912 பைட்டைத் தின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பெயர்போன அந்தப் பிழை பரண் அறையில் இருந்தது. அங்கே பறக்கும் அம்பின் தரவில் ஓர் எண் தவறு. அம்பு திரைக்கு வெளியே போய் மற்ற அறைகளின் தரவின்மேல் எழுதிவிடும். தேவாலய அறையில் அரக்கர்கள் மாயமாவார்கள். சில அறைகளில் நுழைந்ததுமே உயிர் போகும். விளையாட்டைக் கேசட்டிலிருந்து மறுபடி லோடு செய்யும்வரை இது சரியாகாது. வெளியீட்டாளர் இதை வேண்டுமென்றே வைத்ததாகச் சொன்னது வேடிக்கை!

பிறகு வந்த திருத்தங்களில் பரணுக்கானது ‘போக் 59901,82’ (நினைவகத்தின் 59901ஆம் இடத்தில் 82 என்று எழுதும் கட்டளை). ஒரே ஒரு பைட்.

– வாசகர், கோவை