பழைய ஜூஸர் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மின் ஜூஸர் வாங்குவோர் பெரும்பாலும் மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சல்லடைக் கூடையைத்தான். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வலை அடித்தட்டோடு சேரும் விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தால் வாங்காதீர்கள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் கூடை அது, உடைந்தால் துண்டுகள் தெறிக்கும். அடித்தட்டின் துருவல் பற்கள் மழுங்கியிருந்தால் சாறு குறையும், சக்கை ஈரமாகவே வெளியேறும்.

அடுத்து, காய் போடாமல் 30 விநாடி ஓட்டுங்கள். மூடியின் பூட்டைக் கழற்றியதும் மோட்டார் நிற்க வேண்டும். பூட்டை ஏமாற்றி ஓட்டிக் காட்டுபவரிடம் பேரமே வேண்டாம். கருகிய வாடை வந்தால் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடேறியிருக்கலாம். காற்றுத் துளை வழியே பெரிய தீப்பொறி தெரிந்தால் கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம், அதை மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் கருவியின் அடியில் உள்ள விவரத் தகட்டில் வோல்ட் அளவைப் பாருங்கள்: 110 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் கருகிவிடும்.

வீட்டில் ஓட்டும்போது மோட்டார் முழு வேகம் எடுத்த பிறகே காயைப் போடுங்கள். தள்ளுகட்டையால் மெதுவாக அழுத்தினால் போதும். பாதியில் அதிர்ந்தால் சக்கை ஒருபக்கம் அப்பியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூடையைக் கழுவுங்கள். காய்ந்த சக்கையை எடுப்பது பெரும்பாடு.

இப்படிக்கு,
மின்கருவி பழுதுநீக்குவோர் சிலர்