பாப்பாவைத் தைரியமாக என்னிடம் விடு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே தூத்துக்குடியில் எல்லாரும் சுகம். மக்ரூன் இரண்டு டப்பா கூரியரில் போட்டிருக்கிறேன், வந்ததும் ஈரம் படாமல் எடுத்து வை. மருமகளுக்குப் பிடிக்கும் என்றுதான் அனுப்பினேன். பாப்பாவுக்குக் கொடுக்காதே, சீனி அதிகம்.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறையில் வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றினோம். சாமியார் கல்லறையை மந்திரித்து ஆசீர்வதித்து முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொன்னேன். பெங்களூரில் அவ்வளவு பெரிய கம்பெனியில் நீ இருப்பதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதே வாயால் நீ ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வருசமும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஐயா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் வேலைக்குத் திரும்பும்போது பாப்பாவைக் கொஞ்ச நாள் நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்றாய். அப்புறம் கிரெச்சில் சேர்த்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். குழந்தைக்கு இங்கே வெயில் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்திருப்பாய் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காதான் உண்மையைச் சொன்னாள். "அம்மாகிட்ட விட்டா ஒருநாள் தண்ணியை ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்துருவாங்க" என்று நீ அவளிடம் சொன்னாயாம். அக்காவைக் கோபிக்காதே. நான் வற்புறுத்திக் கேட்டதால்தான் சொன்னாள்.

அப்படி யோசனை சொன்னவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். அன்பியத்தில், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற குழுவில், ஒருத்தி, குளிப்பாட்டும்போது மூன்று தடவை தலையில் தண்ணீர் விட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். நான் அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நம் பாட்டிமார் காலத்தில் அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நல்ல சுகத்தோடு இருக்கிற பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு இடம் இருக்க வேண்டும். திருச்சபைச் சட்டத்தில் 868-ஆம் எண் சொல்வது அதுதான். இத்தனை வருசம் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவள் நான், அதை மீறுவேனா? சட்டம் கிடக்கட்டும். உன் பிள்ளைக்கு உனக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டு உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பாப்பாவைத் தைரியமாக என்னிடம் விடு.

ஆனால் ஒன்று. அவள் இங்கே இருந்தால் சாயங்காலம் நான் செபமாலை சொல்வதைப் பார்ப்பாள். மாதா கோயில் மணி கேட்டால் நான் சிலுவை போடுவதையும் பார்ப்பாள். அதை ஒளித்து வைக்க என்னால் ஆகாது. ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்ற ஆசையையும் ஒளிக்க மாட்டேன். உன்னிடமே நேராகக் கேட்கிறேன். இத்தனை மாதம் போனில் பாப்பாவுக்குப் பல் முளைத்ததா, தூங்கினாளா என்று கேட்டுக்கொண்டே இதை மட்டும் கேட்காமல் இருந்ததுதான் பெரிய பாரமாக இருந்தது.

மருமகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன தடவை வந்தபோது என்னோடு கோயிலுக்கு வந்து, பனிமய மாதா முன்னால் கைகூப்பி நின்றவள் அவள்தான். நீ வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தாய். 2013-ல் கோயிலின் 300-ஆவது ஆண்டுத் தங்கத்தேருக்கு அப்பாவும் நீயும் சேர்ந்து வடம் பிடித்தீர்கள். உள்ளங்கை கன்றிப்போய் வந்து எண்ணெய் தடவச் சொன்னாய். 2023 தேருக்கு லீவு இல்லை என்றாய். இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2019-ல்தான் அப்பா போனார்.

இதையும் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது செபிக்க வந்தவர்களில் ஒருவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று சொன்னாராம். நீ அதை இத்தனை வருசம் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஐயா, அது பொய். அந்த மனிதர் எந்த நினைப்பில் சொன்னாரோ, அது நம் திருச்சபையின் போதனை இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் ஆண்டவர் சொன்னார். யோவான் 9-ஆம் அதிகாரம், எடுத்துப் பார். லாசரின் கல்லறையில் அவரே அழுதார். அங்கே நின்ற யாரையும் பார்த்து உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் உன் தம்பி செத்தான் என்று சொல்லவில்லை. அப்பாவுக்குச் சாமியார் எண்ணெய் பூசி நோயில் பூசுதல் கொடுத்தது எதற்கு? பூசினால் புற்றுநோய் கரைந்துவிடும் என்றா? நோயாளிக்குப் பலமும் அமைதியும் தைரியமும் கொடுக்கிற அருட்சாதனம் அது. உடம்புக்குச் சுகம் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். அன்று இரவு அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் தூங்கினார். நீ பக்கத்தில்தான் இருந்தாய்.

உனக்குக் கடவுள் மேல் கோபம் என்றால் கோபப்படு. குருத்தோலை ஞாயிறன்று நாம் பாடுவது எந்தத் திருப்பாடல்? ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற 22-ஆவது திருப்பாடல்தான். சிலுவையில் ஆண்டவரே அதைச் சொன்னார். கோயிலுக்குள் வந்து அப்படிக் கேட்கிறவனை யாரும் வெளியே தள்ள முடியாது. ஒரு ஞாயிறு போய்ச் சும்மா பின்னால் உட்கார். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசை இருக்கிறது. நற்கருணை வாங்க வேண்டாம், பாட வேண்டாம், சும்மா உட்கார்.

புனித சவேரியார் வேதம் சொல்ல 1542-ல் இந்தக் கரைக்கு வந்தார், அதற்கும் முன்பே நம் ஆட்கள் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் என்று தாத்தா சொல்லுவாரே, அதையெல்லாம் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு மனமில்லை. ஐந்நூறு வருசப் பழக்கம் என்பதற்காக ஒருவன் விசுவசிக்க முடியாது. நான் விசுவசிப்பதும் அதற்காக இல்லை. அப்பா போன பிறகு முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அன்பியத்துப் பெண்கள் தினமும் வந்து செபமாலை சொன்னார்கள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை, அவர்கள் எனக்காகச் சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள் அருள் நிறைந்த மரியே செபத்தில் "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்கிற இடத்தில் எனக்குக் குரல் வந்தது. அப்பாவின் மரண நேரத்தில் மாதா கூட இருந்தாள் என்று அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது. அதை உனக்கு நிரூபித்துக் காட்ட என்னால் முடியாது. ஆனால் அதுதான் என்னிடம் இருப்பதிலேயே நல்ல பொருள். பெற்ற பிள்ளைக்கு அதைக் கொடுக்க ஆசைப்படாமல் எப்படி இருப்பேன்?

புனித மோனிக்காவிடம் உன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். அவள் மகன், பிற்பாடு புனிதரான அகுஸ்தினார், அவளிடம் பொய் சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் ஏறிப் போனவர். என் பிள்ளையிடம் பேசுங்கள், பேசுங்கள் என்று அவள் ஒரு ஆயரைப் போட்டு நச்சரித்தபோது, அவனை இப்போதைக்கு விட்டுவிடு, அவனுக்காகச் செபம் மட்டும் பண்ணு என்றார் அவர். மறைக்கல்வியில் எத்தனையோ தடவை இதைச் சொல்லியிருக்கிறேன், இப்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. அகுஸ்தினாருக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, தெரியுமா? 387-ல், பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில், மிலானில்தான் வாங்கினார். பதினைந்து வயது மகனும் கூடவே வாங்கினான். அப்பனும் பிள்ளையும் ஒரே நாளில். 2025 மே மாதம் அகுஸ்தினார் சபையிலிருந்து வந்த புதுப் பாப்பரசர் லியோ மாடத்தில் நின்று, நான் அகுஸ்தினாரின் பிள்ளை என்று சொன்னபோது டிவி முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உன்னை நினைத்துத்தான்.

ஒரு ஞாயிறு போய் உட்கார் என்று மறுபடியும் சொல்ல வருகிறது. முன்பே சொல்லிவிட்டேன், விடு.

ஜனவரியில் அப்பாவுக்கு நினைவுப் பூசை கேட்டிருக்கிறேன், 11-ஆம் தேதி ஞாயிறு காலை. பூசைக்கு வர மனமில்லை என்றால் அது முடிந்ததும் நேராகக் கல்லறைக்கு வா, நாங்கள் அங்கே வந்துவிடுவோம். அந்த மனிதர் சொன்னதைப் பற்றி உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும், போனில் முடியாது. பொங்கல் லீவும் ஒட்டி வருகிறது. மைசூர் வண்டியில் இப்போதே புக் பண்ணிவிடு, பாப்பாவோடு வருவதால் லோயர் பெர்த் கேள். டிக்கெட் கிடைத்ததும் எனக்கு அனுப்பு, தொட்டில் கட்டக் கொக்கி மாட்ட ஆள் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு வயசு ஊசி போட்டாயிற்றா?

அன்புடன்,
அம்மா