அரங்கத்துக்கு வெளியே உட்கார்ந்தவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஈராஸ்’ உலக இசைச் சுற்றுப்பயணம் 2024 டிசம்பர் 8ஆம் தேதி இரவு கனடாவின் வான்கூவர் நகரில் முடிந்தது. சிங்கப்பூரில் நமக்கு அது 9ஆம் தேதி, திங்கட்கிழமை. வேலை முடிந்து வீடு திரும்பியபோது என் மகளின் கண்கள் சிவந்திருந்தன. பள்ளி விடுமுறை என்பதால் வீட்டிலேயே இருந்து, யாரோ ஒரு ரசிகர் தன் கைப்பேசியிலிருந்து நேரடியாகக் காட்டியதைக் கடைசிப் பாட்டு வரை பார்த்திருக்கிறாள்.

149 நிகழ்ச்சிகள், 51 நகரங்கள், ஒரு கோடிக்கும் அதிகமான பார்வையாளர்கள், 200 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூல் என்று செய்தி வந்தது. அந்த ஒரு கோடிப் பேரில் நானும் என் மகளும் சேர்த்தி இல்லை. அவர் நம் ஊரில் பாடியபோது, காலாங்கில் தேசிய விளையாட்டரங்கத்துக்கு வெளியே தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள். எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஈசூனில் பாலர் பள்ளி ஆசிரியராக வேலை செய்கிறேன். டிக்கெட் வாங்க நாங்கள் முயலாமல் இல்லை. 2023 ஜூலையில் விற்பனை தொடங்கிய நாளுக்கு முந்தின இரவே, டிக்கெட் விற்கும் கிளை ஒன்றின் வாசலில் மடக்கு நாற்காலியோடு போய் நின்றோம். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ஒரு சீன மூதாட்டி தன் பேத்திக்காக எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார். விடியற்காலையில் தன் பிளாஸ்கிலிருந்து எங்களுக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் எங்கள் முறை வருவதற்குள் நாங்கள் தாங்கக்கூடிய விலையில் இருந்த டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன. சாதாரண டிக்கெட் 88 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 348 வெள்ளி வரை, சிறப்புச் சலுகைகளோடு என்றால் 1,228 வெள்ளி வரை. இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தோம். அவள் பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, வெளியே போயாவது கேட்போம் என்று முடிவு செய்தது அவள்தான். 2024 மார்ச் 2, 3, 4, 7, 8, 9 என ஆறு இரவுகள். தென்கிழக்காசியாவிலேயே அந்தப் பாடகி வந்தது நம் ஊருக்கு மட்டும்தான். நாங்கள் 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை போனோம், மறுநாளிலிருந்து அவளுக்கு விடுமுறை.

அதற்கு முன்பு இரண்டு வாரம் எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க மணிகள்தான். இந்த ரசிகர்கள் எழுத்து மணிகளைக் கோத்துக் கைவளையம் செய்து, முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்வார்கள். கடைகளில் கிடைத்ததெல்லாம் ஆங்கில எழுத்து மணிகள். என் மகளுக்குத் தமிழ் எழுத்து வேண்டும். மர மணிகள் வாங்கி, பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் அதே பேனாவால் நான் எழுதிக் கொடுத்தேன். ‘தோழி’ என்று பதினெட்டு, ‘பாடு’ என்று பன்னிரண்டு. ழகர மணியில் மட்டும் மை பரவி நாலைந்து வீணாயின.

ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததுமே எங்களைப் போலப் பலர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மணிலாவிலிருந்து வந்த இரண்டு சகோதரிகளில் ஒருவருக்குத்தான் உள்ளே இடம் கிடைத்திருந்தது. அக்கா உள்ளே, தங்கை எங்கள் பாயில். பக்கத்தில் இரண்டு இந்தோனேசியப் பணிப்பெண்கள் வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். குவிமாடத்தைத் தாண்டி வரும் பாட்டு சில நேரம் தெளிவாகவும் சில நேரம் வெறும் அதிர்வாகவும் கேட்கும். வார்த்தை கேட்காத இடத்தில் இந்தப் பிள்ளைகள் தாங்களே பாடி நிரப்பினார்கள். நிகழ்ச்சி மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. ‘தோழி’ வளையம் ஒன்று இப்போது மணிலாவில் இருக்கிறது. அதற்குப் பதிலாக வந்த ஊதா வளையத்தை என் மகள் இன்னும் கழற்றவில்லை.

அந்தப் பாடகியின் தாயார் சிறு வயதில் சில காலம் சிங்கப்பூரில் வளர்ந்தவராம். அவருடைய தாயார், அதாவது பாடகியின் பாட்டி, ஓப்பரா பாடியவர். இங்கே மேடையில் அந்தப் பாடகியே தாயின் சிங்கப்பூர் நாள்களைப் பற்றிச் சொன்னதை மகள்தான் பிறகு எனக்குக் காட்டினாள். இப்படி நம் ஊரோடு ஒட்டுறவு உள்ள ஒருவரின் பாட்டை வெளியே நின்று கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. எங்கே உட்காரலாம், கூடாது என்று யாருக்கும் தெரியாததுதான் சிரமமாக இருந்தது. வழிவிட வேண்டும் என்று நான்கு முறை பாயைச் சுருட்டி நகர்ந்தோம். ஒவ்வொரு முறையும் அங்கிருந்த பாதுகாப்பு ஊழியர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் சொன்னார். நடைபாதையை அடைத்து உட்கார்ந்தால் ஆபத்து என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் கூட்டம் வரும் என்று முன்னாலேயே தெரியும் அல்லவா? பிப்ரவரியில் மெல்பர்னிலும் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே கூடியிருந்தார்களே.

ஜூலை கடைசியில் ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்ததைப் பார்த்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. அங்கே ஒலிம்பிக் அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கற்களையும் மண்ணையும் குவித்து உண்டான குன்று. அதன் சரிவில் டிக்கெட் இல்லாத பல்லாயிரம் பேர் புல்லில் உட்கார்ந்து பார்த்தார்கள், பாடினார்கள். மேடையிலிருந்தே பாடகி அவர்களைப் பற்றிப் பேசினார். அப்புறம் ஆகஸ்ட்டில், பயங்கரவாதச் சதி அம்பலமாகி வியன்னாவின் மூன்று நிகழ்ச்சிகளும் ரத்தானபோது, உலகெங்குமிருந்து வந்திருந்த பிள்ளைகள் ஒரு தெருவில் கூடிப் பாடினார்கள், மரத்தில் கைவளையங்களைத் தொங்கவிட்டார்கள். இவர்கள் தொல்லை தரும் கூட்டம் அல்ல. உட்கார ஓர் இடமும் குடிக்கத் தண்ணீரும் போதும் இவர்களுக்கு.

தண்ணீர் என்று சும்மா சொல்லவில்லை. 2023 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் கடும் வெப்பத்தில் நடந்த நிகழ்ச்சியில் ஓர் இளம் ரசிகை இறந்துபோனார். அதன் பிறகே பிரேசில் அரசாங்கம், தண்ணீர்ப் புட்டியை உள்ளே கொண்டுபோக விட வேண்டும், ஏற்பாட்டாளர்கள் இலவசமாகவும் தண்ணீர் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் ஊரின் வெக்கையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அரங்கத்துக்கு உள்ளே இருப்பவர்களைக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள். வெளியே ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் அவளை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. மணிக்கணக்கில் அதே நினைப்புதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாடகி இந்த வட்டாரத்தில் வேறெங்கும் பாடாமலிருக்க சிங்கப்பூர் பணம் கொடுத்தது என்று தாய்லாந்துப் பிரதமர் அப்போது குறைபட்டுக்கொண்டதும், நம் பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங் மார்ச் 5ஆம் தேதி மெல்பர்னில் அதற்குப் பதில் சொன்னதும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். சுற்றுலா மேம்பாட்டு நிதியிலிருந்து ஊக்கத்தொகை கொடுத்ததாக அவரே சொன்னார். அதை நான் தவறு என்று சொல்லவில்லை. ஹோட்டல், உணவகம், டாக்சி என்று எத்தனையோ பேருக்கு அந்த ஆறு நாளில் வருமானம் வந்தது. எங்கள் புளோக்கில் இருக்கும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் அந்த வாரத்தைப் பற்றி இன்னும் பேசுகிறார். ஆனால் பொதுப் பணம் சேர்ந்து நடக்கும் ஒரு நிகழ்ச்சியில், டிக்கெட் வாங்க முடியாத குடும்பங்களுக்கும் ஏதாவது ஒரு பங்கு இருப்பதுதானே நியாயம்? டிக்கெட் விலையைக் குறையுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

அரங்கத்தைச் சுற்றித் திடல்கள் இருக்கின்றன, ஆற்றோரம் இருக்கிறது. அதில் ஓர் இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கலாம். ஒரு குடிநீர்த் தொட்டி, ஒரு முதலுதவி மேசை, கழிவறைக்கு வழி காட்டும் பலகை இருந்தால் போதும். திரையோ ஒலிபெருக்கியோ வேண்டாம். பாட்டு தானாக வந்து சேர்ந்துவிடும். இடம் நிறைந்துவிட்டால் அதையும் முன்கூட்டியே அறிவித்துவிடலாம், பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே இருத்திக்கொள்வார்கள்.

2024இல் மட்டும் அதே அரங்கில் கோல்ட்பிளே ஆறு இரவுகளும் புருனோ மார்ஸ் மூன்று இரவுகளும் பாடினார்கள். இனியும் பெரிய பாடகர்கள் வருவார்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது, டிக்கெட் விலைப் பட்டியலுக்குக் கீழே, வெளியே உட்காருபவர்களுக்கு எந்த இடம் என்று ஒரு வரி இருக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பாயும் குடையும் நாங்களே கொண்டுவந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியர்,
ஈசூன்