நள்ளிரவில் விழித்துக்கொள்பவர்களுக்கும் நாலு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் உறக்கம் பற்றி அவ்வப்போது வெளிவரும் குறிப்புகளைத் தவறாமல் படித்துவருகிறேன். படுத்தவுடன் தூக்கம் வருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அவை விரிவாகவே சொல்கின்றன. ஆனால், படுத்தவுடன் நன்றாகத் தூங்கிவிட்டு, இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ கண் விழித்து, அதன்பின் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பவர்களுக்கு அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை. போதாக்குறைக்கு, 'இடைவிடாத எட்டு மணி நேர உறக்கம்' என்ற தொடர் ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளிலும் வந்துவிடுகிறது. நடுவில் விழித்துக்கொள்கிறவருக்கு அந்தத் தொடர் உண்டாக்கும் பயமே மறுபடி கண்ணயர விடாமல் செய்துவிடும் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உறக்கம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக நீள்வதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்கள் நீளும் சுழற்சிகளாக, ஓர் இரவில் நான்கு முதல் ஆறு தடவை அது வந்து போகிறது. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிட, பின்னிரவில் கனவுகள் மிகுந்த, எளிதில் கலையக்கூடிய உறக்கமே மிஞ்சுகிறது. ஒரு சுழற்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எல்லோருக்குமே சில நொடிகள் விழிப்புத் தட்டும். பெரும்பாலோர் புரண்டு படுத்துக்கொள்வதோடு சரி, காலையில் அது நினைவில்கூட இருக்காது. பகல் முழுவதும் மூளையில் சேர்ந்துவந்த தூக்கத் தேவை முதல் சில மணி நேரத்திலேயே பெருமளவு தீர்ந்துவிடுவதால், பதினொரு மணிக்குக் காதில் விழாத ஒரு கதவுச் சத்தம் மூன்று மணிக்கு ஆளை எழுப்பிவிடுகிறது. வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைவதால், இத்தகைய விழிப்புகள் கூடுவதும் இயல்பே. ஆகவே, விழித்துக்கொண்டதை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது.

முன்னாளில் மனிதர்கள் இரவை இரண்டாகப் பகுத்தே தூங்கினார்கள் என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவில் முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என்ற வழக்கம் இருந்ததற்கான சான்றுகளை வரலாற்று ஆய்வாளர் ரோஜர் எகிர்ச் 2001-இல் தொகுத்துக் காட்டினார். அதற்கு முன்பே, 1992-இல், நாளொன்றுக்கு 14 மணி நேரம் இருட்டில் வைக்கப்பட்டவர்களின் உறக்கம் சில வாரங்களில் தானாகவே இரண்டாகப் பிரிந்ததை அமெரிக்க மருத்துவர் தாமஸ் வேர் பதிவுசெய்திருந்தார். ஆனால், மின்விளக்கு இல்லாமல் வாழும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கப் பழங்குடியினரை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, அவர்கள் இரவில் பெரும்பாலும் ஒரே தூக்கமாகவே தூங்குகிறார்கள் என்றது. எனவே பழங்காலத்தைச் சாட்சிக்கு அழைக்க நான் விரும்பவில்லை. உறக்கத்துக்கு ஒரே ஒரு சரியான வடிவம்தான் உண்டு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்பது மட்டும் இவற்றிலிருந்து தெரிகிறது.

தொல்லை தொடங்குவது விழித்த பிறகு நாம் செய்யும் காரியங்களில்தான். கண் திறந்ததும் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது. மணி 2.40. உடனே மனம் கணக்குப் போடுகிறது: இப்போதே தூங்கினால் மூன்றேகால் மணி நேரம் கிடைக்கும், அரை மணி கழித்துத் தூங்கினால் இரண்டேமுக்கால், நாளை அந்தக் கூட்டத்தில் எப்படி உட்கார்ந்திருப்பது? இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கியிருக்கும், உடல் விறைத்திருக்கும், திரையின் வெளிச்சம் வேறு மூளைக்குப் பொழுது விடிந்த சேதியைச் சொல்லியிருக்கும். கண்களை இறுக மூடிக்கொண்டு 'தூங்கியே தீர வேண்டும்' என்று முயல்வதுதான் அடுத்த கட்டம். வேறு எந்தக் காரியத்திலும் முயற்சி கூடினால் பலன் கூடும். தூக்கத்தில் மட்டும் அது தலைகீழ். இப்படிப் பல இரவுகள் கழிந்தால், படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடல் பழகிவிடுகிறது. முதலில் தூக்கத்தைக் கலைத்த காரணம் (ஒரு காய்ச்சலோ, கவலையோ) எப்போதோ நீங்கிப்போயிருக்க, பழக்கம் மட்டும் தங்கிவிடுகிறது.

இந்தப் பழக்கத்தை உடைப்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஜின் 1972-இல் வகுத்துக் கொடுத்த வழி இன்றளவும் மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுகிறது. ஏறத்தாழ கால் மணி நேரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே திரும்ப வந்து படுக்க வேண்டும். மறுபடி வரவில்லையென்றால் மறுபடியும் எழ வேண்டும். அந்தக் கால் மணியைக் கடிகாரம் பார்த்து அளக்கக் கூடாது, 'சரி, இது வராது' என்ற எரிச்சல் தலைகாட்டுவதே எழுவதற்கான அடையாளம். 'எழுந்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும், பேசாமல் படு' என்று வீட்டில் உள்ளவர்கள் அக்கறையோடு தடுப்பார்கள். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பேசாமல் படுத்திருக்க முடிந்தவர் எதற்கு அவதிப்படப் போகிறார்?

எழுந்து போய் உட்காருவதற்கு ஓர் இடத்தை முன்னிரவிலேயே ஒழுங்கு செய்துவைத்துவிடுவது நல்லது. ஒரு நாற்காலி, போர்த்திக்கொள்ள ஒரு துணி, மங்கலான விளக்கு, ஏற்கெனவே படித்து முடித்த ஒரு புத்தகம் ஆகியவை போதும். முடிவு தெரியாத புதுக் கதை கூடாது, அது விடியும்வரை உட்கார வைத்துவிடும். 'எப்படியும் முழித்தாயிற்று' என்று துணி மடிக்கவும், அலுவலக மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதவும் இறங்குவது, அந்த வேளையை அன்றாட வேலை நேரமாக உடலுக்குக் கற்றுக்கொடுப்பதாகும். கவலைகளை எழுதிவைக்க விரும்புகிறவர்கள் மாலையிலேயே எழுதிவிடலாம். இருட்டில் எழுந்து நடந்தால் விழுந்துவிடக்கூடிய முதியவர்கள், விளக்கைப் போட்டுப் படுக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொள்வதே பாதுகாப்பு.

இதைவிடக் கடினமானது மறுநாள் காலைதான். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் வழக்கமான நேரத்துக்கு எழ வேண்டும், பகலில் நீண்ட நேரம் தூங்கக் கூடாது, இழந்த தூக்கத்தை ஈடுகட்டுவதாக எண்ணி மறுநாள் எட்டு மணிக்கே படுக்கைக்குப் போகக் கூடாது. படுக்கையில் கிடக்கும் நேரம் நீள நீள உறக்கம் நீர்த்துப்போகிறது. அந்த நேரத்தைக் குறைத்தே உறக்கத்தை இறுக்கமாக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்டார். முதல் சில வாரங்கள் பகலில் அசதி மிகும் என்பதால், வண்டி ஓட்டுகிறவர்களும் வலிப்பு நோயோ இருமுனைய மனநோயோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதில் இறங்கக் கூடாது. மது விரைவில் தூக்கத்தைத் தந்துவிட்டுப் பின்னிரவில் கெடுத்துவிடும் என்பதையும், பிற்பகலில் குடித்த காபியில் பாதி இரவிலும் உடலில் தங்கியிருக்கக்கூடும் என்பதையும் தங்கள் குறிப்புகளே சொல்லியிருக்கின்றன.

சில விழிப்புகளுக்கு நாற்காலியும் புத்தகமும் தீர்வாகா. உரத்த குறட்டையோடு மூச்சுத் திணறி விழிப்பவருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கலாம். இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழுபவருக்கு நீரிழிவோ புராஸ்டேட் வீக்கமோ காரணமாகலாம். மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களை உடல் அனலும் வியர்வையும் எழுப்பிவிடும். விடியுமுன்னே விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல் மனம் கனத்துக் கிடந்தால் அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, பகல் வேலையும் பாதிக்கப்பட்டு, அது மூன்று மாதங்களுக்கு நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்பது மருத்துவ வரையறை. அதுவரை காத்திருந்துதான் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதில்லை.

அப்படிப் போகிறவர்களில் பலர் மாத்திரைச் சீட்டோடு திரும்புகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகத் தர வேண்டியது, மேற்சொன்ன முறைகளை உள்ளடக்கிய அறிதல்-நடத்தைச் சிகிச்சையே (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை) என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016-இலும், ஐரோப்பிய உறக்க ஆய்வுச் சங்கம் 2017-இலும் பரிந்துரைத்துள்ளன. சோல்பிடெம் உள்ளிட்ட சில தூக்க மருந்துகளை உட்கொண்டவர்கள் தூக்கத்திலேயே நடந்தும், வண்டி ஓட்டியும் விபத்துக்கு ஆளானதைத் தொடர்ந்து, 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவற்றின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. ஏற்கெனவே மாத்திரை எடுத்துவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. அடுத்த முறை உறக்கம் பற்றிய குறிப்பு அச்சாகும்போது 'இடைவிடாத' என்ற அடைமொழியை எடுத்துவிடுங்கள். கூடவே, நடுவில் விழித்துக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை, இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளரைக் கொண்டு தனியே எழுதச் செய்து, அத்தகைய பயிற்சி பெற்றவர்களை எப்படித் தேடிக் கண்டறிவது என்ற விவரத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்