பொங்கோலில் இல்லாத வானம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்பச் சந்தோஷம், கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். பதில் தாமதமானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் நான் எடுத்த புகைப்படங்களை விற்பனைக்கு வைத்திருந்தேன். முதலில் விற்றது பொங்கோல் படகுத்துறைப் படம், 180 வெள்ளி. வாங்கியவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தார். "தம்பி, எதிர்க்கரையில பாசிர் கூடாங் புகைபோக்கியெல்லாம் எங்கே?" என்றார். இருபது வருஷம் ஜோகூர் பாலத்தைக் கடந்து, மலேசியாவில் இருக்கும் அந்தத் தொழிற்சாலை ஊருக்கு வேலைக்குப் போனவராம். "அன்னைக்குப் புகைமூட்டம், ஐயா" என்று சொல்லிவிட்டேன். நம்பி வாங்கிப் போனார்.

புகைமூட்டமெல்லாம் இல்லை. புகைபோக்கிகளை ஒவ்வொன்றாக அழித்தது நான்தான். வானமும் அன்று வெளுத்துக் கிடந்தது. 2019இல் கன்னியாகுமரியில் தேநீர்க் குவளையோடு நின்று பார்த்தோமே, அந்தச் செம்மேக வானத்தை எடுத்து ஒட்டினேன். சூரியன் வலப்பக்கம் வரவேண்டும் என்று அதை இடம்வலமாகத் திருப்பினேன். போட்டோஷாப்பில் 2020இலிருந்து வானத்தை மாற்றத் தனி வசதியே இருக்கிறது, நிமிடத்தில் முடிந்தது. தண்ணீர்தான் படுத்தியது. மேலே செக்கச் செவேல் என்று வானம், கீழே சாம்பல் நிறத்தில் அலை. அதற்குச் சிவப்பேற்றவே ஒரு ராத்திரி போனது.

திருத்துவதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. 1850களிலேயே பிரான்சின் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று சேர்த்து அச்சிட்டிருக்கிறார். கடல் சரியாக விழும்வரை வெளிச்சம் விட்டால் வானம் வெளிறிப்போகும், அந்தக் காலத்து ரசாயனம் அப்படி. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த நிலவுப் படத்தின் வானத்தைப் பிற்பாடு இருட்டறையில் இன்னும் கறுப்பாக்கினார். ஜெர்மன் புகைப்படக்காரர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி தன் ரைன் நதிப் படத்தில் கரையிலிருந்த கட்டடங்களை எடுத்துவிட்டார், அதை மறைக்கவும் இல்லை. அந்தப் படம் 2011இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நானோ படத்துக்குக் கீழே அட்டையில் 'பொங்கோல் படகுத்துறை, காலை 7.10' என்று எழுதி வைத்தேன். அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. இடமும் நேரமும் போட்டுவிட்டால் 'இதை நான் கண்ணால் பார்த்தேன்' என்று சத்தியம் பண்ணுவது போலத்தானே? பெரியவர் காசு கொடுத்தது அந்தச் சத்தியத்துக்கும் சேர்த்துத்தான்.

போன சனிக்கிழமை அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பணம் இருக்கட்டும். புகைபோக்கி இருக்கிற படம் வச்சிருக்கியா?" என்றார். இருக்கிறது, வெளுத்த வானத்தோடு. நாளை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மற்ற அட்டைகளிலும் எதை அழித்தேன், எதை எங்கிருந்து ஒட்டினேன் என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் வாங்காமல் போனார். சரி, போகட்டும்.

கன்னியாகுமரி வானத்தை அதன் கடலோடேயே அச்சிட்டு உனக்கு அனுப்புகிறேன். ஓரத்தில் உன் தோள் கொஞ்சம் தெரிகிறது. வெட்டவில்லை.

அன்புடன்,
உன் நண்பன்