மூண்டு பிரேமும் ரண்டு சோடி கையுறையும்

மகளுக்கு,

பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு ஸ்கிரீன் பிரிண்ட் பழக்கப் போறாயெண்டு அம்மா சொன்னா. என்னட்டை நீ சொல்லேல்லை. பரவாயில்லை. வலை பூட்டின மூண்டு பிரேமும் மை இழுக்கிற ரப்பர் கட்டையும் தம்பியின்ர காரில வருது.

வலை சென்ரிமீற்றருக்கு 77 இழை. போஸ்டர் தாளுக்கு அது காணும். துணியெண்டால் 43 வாங்கு. வெளிச்சத்தில இறுகிற எமல்ஷனை மெல்லிசாப் பூசி, இருட்டில கிடையாய்க் காயவிடு. முழுக்கக் காயமுந்தி வெளிச்சம் காட்டினால் கழுவேக்க படமும் சேர்ந்து வழிஞ்சு போகும். நீ எதிலயும் அவசரம். தாளுக்கும் வலைக்கும் 3 மில்லிமீற்றர் இடைவெளி விடு, இல்லாட்டி ஓரம் கசியும். தண்ணி மை வலையில கெதியாக் காயும், நடுவில கதைச்சுக்கொண்டு நிக்காமல் அடி. முடிஞ்ச உடனை கழுவு.

ஜூன் 1க்கு இந்த முறையும் யாழ்ப்பாண நூலகப் போஸ்டர்தான். 50×65 சென்ரிமீற்றர், செம்மஞ்சளும் கறுப்பும். 1981இல எரிஞ்ச ஏறக்குறைய 97,000 புத்தகமெண்ட கணக்கையும் கீழ அடிக்கிறன். "எத்தனை வருசத்துக்கு அதே நெருப்பு அப்பா?" எண்டு கேட்டனி. திருப்பிக் கட்டித் திறந்த கட்டிடத்துக்கு முன்னால நீ எடுத்த படத்தை அம்மாதான் காட்டினா. சரஸ்வதி சிலைக்குப் பக்கத்தில உன்ர நிழல் விழுந்து கிடந்தது. என்ர அகதிப் பத்திரத்தோட அந்த ஒரு நாட்டுக்குத்தான் போகேலாது. நாலு தரம் பார்த்தன்.

பிரேமை அடுத்த நாள் கழுவலாமெண்டு வைக்காதே. வீட்டுக் குளிப்பறையிலயும் கழுவாதே. உங்கட குளிப்பறையை நான் என்ன பாடு படுத்தினனெண்டு தெரியும்.

மூண்டாவது பிரேமை வெளிச்சத்துக்குப் பிடிச்சால் ஒரு முகம் தெரியும். ஏழு வயசில நீ பல்லுக் கொதியில அழுத படம். அதைத் தாயைத் தேடுற பிள்ளையெண்டு 300 தாளில அடிச்சு, பாரிஸ் லாசப்பல் முழுக்க ஒட்டினன். உன்னைக் கேக்கேல்லை. "உன்ர அம்மா செத்திட்டாவோ" எண்டு வகுப்புப் பிள்ளையள் உன்னட்டைக் கேட்டது எனக்கு அந்தக் கிழமையே தெரியும். தெரிஞ்சும் இன்னொரு 300 அடிச்சன்.

எமல்ஷன் போனாலும் கன நாள் காய்ஞ்ச மையின்ர கறை இழையில நிக்கும். அடுத்த படத்துக்கு அது இடைஞ்சலில்லை. வேண்டாமெண்டால் காரப் பசையைப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, வேகத் தண்ணியால அடி, போயிடும். நான் அடிக்கேல்லை. டப்பா சேர்த்து வைச்சிருக்கிறன். கண்ணுக்குக் கண்ணாடி போடு. கையுறை ரண்டு சோடி பச்சைப் பையில கிடக்கு.

அப்பா